ஊசி போட்டதுக்கு அப்புறம் கொரோனா டெஸ்ட் எடுத்தா ரிசல்ட்டை எப்படிப் படிக்கிறது: முழுமையான வழிகாட்டி

2021 ஆகஸ்ட் வாக்குல ஒரு அண்ணன் ரெண்டு ரிப்போர்ட்டை சுருட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு எங்க லேப் கவுண்டருக்கு வந்தாரு. ஒண்ணு அவரோடது, இன்னொண்ணு வீட்டம்மாவோடது. ரெண்டு பேரும் ஒரே கேம்ப்ல ஒரே நாள்ல ரெண்டு டோஸ் கோவிஷீல்ட் போட்டவங்க, ஆனா இவருக்கு ஆன்டிபாடி நம்பர் 250க்கு மேலன்னு வந்துருக்கு, அந்த அக்காவுக்கு வேற ஒரு இடத்துல எடுத்ததுல நான்-ரியாக்டிவ்னு, அதாவது நெகட்டிவ்னு வந்துருச்சு. "ஏன் தம்பி, அவளுக்கு மட்டும் வெறும் தண்ணியைப் போட்டு அனுப்பிட்டாங்களா?"ன்னு கேட்டாரு, விளையாட்டுக்கு இல்ல, நெஜமாவே கோவத்துல இருந்தாரு. வாங்கிப் பாத்தா எந்த லேப்பும் தப்பு பண்ணல. இவருக்கு எடுத்தது ஸ்பைக், அதாவது வைரஸோட வெளி முள்ளுக்கு எதிரான ஆன்டிபாடி, அக்காவுக்கு எடுத்தது நியூக்ளியோகேப்சிட், அதாவது வைரஸுக்கு உள்ள இருக்குற புரோட்டீனுக்கு எதிரான ஆன்டிபாடி. கோவிஷீல்ட் மட்டும் போட்டு, கொரோனா வராம இருந்தவங்களுக்கு அந்த ரெண்டாவது டெஸ்ட் நெகட்டிவ் வர்றதுதான் சரியான ரிசல்ட்டே.

இந்த ஒரு விஷயம் புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். அதனால வரிசையா போவோம், அவசரப்பட்டு கடைசிப் படிக்குத் தாவாதீங்க.

முதல் படி: உங்ககிட்ட எடுத்தது என்ன டெஸ்ட்டு?

மூக்குலயோ தொண்டையிலயோ குச்சி விட்டாங்கன்னா அது வைரஸைத் தேடுற டெஸ்ட். அதுல ஆர்டி-பிசிஆர் ஒண்ணு, ட்ரூநாட், சிபிநாட் எல்லாம் அதே குடும்பம்தான், இவையெல்லாம் வைரஸோட ஆர்என்ஏ-வை, அதாவது அதோட மரபுக் குறிப்பைத் தேடும். ரேபிட் ஆன்டிஜென், அதாவது வீட்டுலயே பாக்குற ரெண்டு கோடு கிட், அது வைரஸோட புரோட்டீனைத் தேடும். கையில ரத்தம் எடுத்தாங்கன்னா அது ஆன்டிபாடி டெஸ்ட், அது வைரஸைத் தேடாது, வைரஸையோ ஊசியையோ பாத்து உங்க உடம்பு செஞ்சு வச்ச எதிர்ப்புப் பொருளைத் தேடும். இந்த ரெண்டாவது வகைதான் ஊசியால நேரடியா மாறும். முதல் வகை மாறாது. ஆனா அதுலயும் ஒரு சின்ன சிக்கல் இருக்கு, நாலாவது படியில வரும்.

நிறைய பேர் 'ஆன்டிஜென்', 'ஆன்டிபாடி' ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுக்குறாங்க. ரத்த ரிப்போர்ட்ல ரியாக்டிவ்னு பாத்துட்டு தனி ரூம்ல போய்ப் பூட்டிக்கிட்டவங்களையே நான் பாத்துருக்கேன்.

ரெண்டாவது படி: போட்டது எந்த ஊசி, அதுக்குள்ள என்ன இருக்கு?

கொரோனா வைரஸ்ல நமக்கு இங்க முக்கியமான புரோட்டீன் ரெண்டு. வெளியில முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டு இருக்குறது ஸ்பைக். உள்ள ஆர்என்ஏ-வைச் சுத்திப் பொதிஞ்சு இருக்குறது நியூக்ளியோகேப்சிட், ரிப்போர்ட்ல சுருக்கமா 'என்'னு போடுவாங்க, ஸ்பைக்குக்கு 'எஸ்'.

கோவிஷீல்ட், ஸ்புட்னிக், ஃபைசர், மாடர்னா, கோர்பிவாக்ஸ், கோவோவாக்ஸ் எல்லாமே உடம்புக்கு ஸ்பைக்கை, இல்ல ஸ்பைக்குல ஒரு துண்டை மட்டும்தான் காட்டும். கோவிஷீல்ட்ல சிம்பன்சி அடினோவைரஸ் வண்டி மாதிரி, அதுல ஏறி வர்றது ஸ்பைக் செய்யுறதுக்கான குறிப்பு. ஃபைசரும் மாடர்னாவும் அதே குறிப்பை எம்ஆர்என்ஏ-வா கொழுப்புக் குமிழுக்குள்ள வச்சுக் குடுக்கும். ஹைதராபாத் பயாலஜிக்கல் ஈ-யோட கோர்பிவாக்ஸ் ஸ்பைக்கோட நுனிப் பகுதிய மட்டும் புரோட்டீனாவே செஞ்சு குடுக்குது.

கோவாக்சின் கதை வேற. பாரத் பயோடெக்கும் ஐசிஎம்ஆரும் (மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) சேந்து செஞ்ச இதுல முழு வைரஸையும் கொன்னு போட்டுருக்காங்க, அதனால ஸ்பைக்கும் உண்டு, 'என்'னும் உண்டு. சீனாவோட சைனோபார்ம், சைனோவாக்கும் இதே ஜாதி. இலங்கையில அதிகமா போட்டது சைனோபார்ம், மலேசியாவுல நிறைய பேருக்கு சைனோவாக், துபாய் அபுதாபி பக்கம் வேலை பாத்தவங்கள்லயும் சைனோபார்ம் போட்டவங்க ஏராளம், அதனால அங்க இருந்து படிக்கிறவங்க ஆறாவது படிய கொஞ்சம் நிதானமா படிங்க.

மூணாவது படி: ஊசி போட்டா குச்சி டெஸ்ட் பாசிட்டிவ் ஆகுமா?

ஆகாது. ஊசி போறது தோள்பட்டை சதைக்குள்ள, குச்சி போறது மூக்குக்குள்ள. இந்த ஊசி எதுலயும் உயிரோட பெருகுற கொரோனா வைரஸ் கிடையாது, கையில போட்டது பெருகி மூக்குக்கு வந்து உக்காராது. செத்த முழு வைரஸ் இருக்குற கோவாக்சின் கூட அப்படித்தான், செத்தது எங்க போய்ப் பெருகும். அதோட ரேபிட் கிட் பெரும்பாலும் தேடுறது 'என்' புரோட்டீனை, கோவிஷீல்ட்லயும் ஃபைசர்லயும் அது அறவே இல்ல.

இந்த சந்தேகம் மொத்தமா முட்டாள்தனம்னு சொல்ல மாட்டேன். மூக்குல அடிக்கிற ஃப்ளூ தடுப்பு மருந்து ஒண்ணு இருக்கு, அதுல பலவீனப்படுத்துன உயிருள்ள ஃப்ளூ வைரஸ் இருக்கும், அது அடிச்ச சில நாளைக்கு ஃப்ளூ டெஸ்ட் எடுத்தா பாசிட்டிவ் காட்ட வாய்ப்பு உண்டு. கொரோனா ஊசி அந்த வகை இல்ல. கோவாக்சின் கம்பெனியே கொண்டு வந்த மூக்கு சொட்டு மருந்து இன்கோவாக் இருக்கே, அதுவும் பெருக முடியாதபடி செஞ்ச அடினோவைரஸ்ல ஸ்பைக்கை மட்டும் ஏத்துனது, அதுல 'என்' இல்ல. இருந்தாலும் சொட்டு விட்ட அன்னைக்கே மூக்குல குச்சி விட வேண்டி வந்தா சாம்பிள் எடுக்குறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க, சொல்றதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல.

அப்போ "ஊசி போட்டு மூணாவது நாள் எங்க மாமாவுக்கு பாசிட்டிவ் வந்துச்சே"ன்னு கேப்பீங்க. வந்துச்சுதான், நானே அந்த மாதிரி எத்தனையோ சாம்பிள் பாத்தேன். 2021 மே மாசம் தமிழ்நாட்டுல ஒரு நாளைக்கே 36 ஆயிரம் பேருக்கு மேல பாசிட்டிவ் வந்துக்கிட்டு இருந்துச்சு, அந்த நேரத்துல ஊசி போட வரிசையில நின்னவங்கள்ல சில பேரு ஏற்கனவே வைரஸை உள்ள வச்சுக்கிட்டே நின்னவங்க, சில பேரு அந்த வரிசையிலயே வாங்கிக்கிட்டவங்க. முதல் டோஸ் போட்டு உடம்பு தயாராகவே ரெண்டு வாரமாவது ஆகும், அதுக்குள்ள வந்தா ஊசி என்ன செய்யும் பாவம்.

இங்க ஒரு உபயோகமான அடையாளம் இருக்கு. ஊசியால வர்ற காய்ச்சல், உடம்பு வலி, தலைவலி, குளிர் எல்லாம் பெரும்பாலும் போட்ட ஒண்ணு ரெண்டு நாளைக்குள்ள வந்து அதே வேகத்துல போயிரும். இருமல், மூக்கு ஒழுகுறது, தொண்டை கரகரப்பு, வாசனை தெரியாம போறது, இதெல்லாம் ஊசியோட வேலை இல்ல. ஊசி போட்டுட்டு இருமல் வந்தா "ஊசி காய்ச்சல்தான்"னு சும்மா இருக்காதீங்க, டெஸ்ட் எடுங்க, ஊசி போட்டுருக்குறதால அந்த ரிசல்ட் கெட்டுப் போகாது.

நாலாவது படி: வீட்டு கிட்டை எப்ப போடணும்?

ரொம்ப பேரு ஏமாறுற இடம் இதுதான். காய்ச்சல் வந்த அன்னைக்கு சாயங்காலமே கிட் வாங்கிப் பாத்து, ஒத்தைக் கோடு வந்ததும் "அப்பாடா"ன்னு கல்யாணத்துக்குக் கெளம்பிருவாங்க.

ஆரம்பத்துல, யாருக்குமே எதிர்ப்பு சக்தி இல்லாத 2020ல, காய்ச்சல் தெரிய ஆரம்பிக்கும்போதே மூக்குல வைரஸ் கிட்டத்தட்ட உச்சத்துல இருக்கும், அதனால முதல் நாளே ரேபிட் கிட் ஓரளவு பிடிச்சுரும். ஊசி போட்ட உடம்புக்கும், முன்னாடி ஒரு தடவை வந்து போன உடம்புக்கும் வைரஸோட முகம் ஏற்கனவே தெரியும், கொஞ்சமா உள்ள வந்தாலே சண்டைய ஆரம்பிச்சுருது. நமக்குத் தெரியுற காய்ச்சல், தொண்டை வலியில பாதி வைரஸ் குடுக்குறது இல்ல, நம்ம உடம்பு போடுற சண்டைதான். ஆக அறிகுறி முந்திக்குது, வைரஸ் அளவு பின்னாடி ஏறுது. அட்லாண்டாவுல 2022ல இருந்து எடுத்த ஆய்வுல அறிகுறி ஆரம்பிச்ச நாலாவது நாள்தான் வைரஸ் அளவு உச்சம் தொட்டுச்சுன்னு வந்துருக்கு. முதல் நாள் நெகட்டிவ், மூணாவது நாள் பாசிட்டிவ்னு வர்றதுக்கு காரணம் கிட் டூப்ளிகேட்டுன்னு நெனைக்காதீங்க, நாம சீக்கிரம் பாத்துட்டோம்.

அதனால என்ன பண்ணலாம்னா, அறிகுறி இருந்து முதல் கிட் நெகட்டிவ்னா 48 மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு போடுங்க. அறிகுறியே இல்லாம, பாசிட்டிவ் ஆளோட பழகுனதுக்காக பாக்குறீங்கன்னா 48 மணி நேர இடைவெளியில மூணு தடவை. இது 2022 ஆகஸ்ட்ல அமெரிக்க எஃப்டிஏ (மருந்து, டெஸ்ட் கிட்டுக்கெல்லாம் அனுமதி குடுக்குற அரசு அமைப்பு) சொன்ன கணக்கு, ஊசி போட்டவங்க போடாதவங்க எல்லாருக்கும் சேத்துத்தான். நம்ம ஐசிஎம்ஆர் அதுக்கும் முன்னாடியே அறிகுறி இருக்குறவருக்கு ரேபிட் நெகட்டிவ்னா ஆர்டி-பிசிஆர் எடுங்கன்னு சொல்லி வச்சுருந்துச்சு, அதுவும் இதே காரணத்துக்குத்தான், ரேபிட் நெகட்டிவை நம்ப முடியாது, ரேபிட் பாசிட்டிவை பெரும்பாலும் நம்பலாம். வீட்டுல வயசானவங்க, கீமோ ஓடுறவங்க, டயாலிசிஸ் பண்றவங்க இருந்தா ரெண்டு நாள் காத்துக்கிட்டு இருக்காம நேரா பிசிஆர் குடுத்துருங்க, அவங்களுக்கு மருந்து சீக்கிரம் ஆரம்பிக்கணும்.

இன்னொண்ணு, கிட்ல போட்டுருக்குற நேரத்துக்குள்ள படிங்க. பொதுவா 15 நிமிஷம். தூங்கி எந்திரிச்சு மறுநாள் காலையில பாத்தா மங்கலா ஒரு கோடு தெரியும், அதை வச்சு வீடே கலங்கும். குறிச்ச நேரத்துக்குள்ள மங்கலா வந்தா அது பாசிட்டிவ், நேரம் தாண்டி வந்தா அது கணக்குலயே இல்ல.

அஞ்சாவது படி: பிசிஆர் ரிப்போர்ட்ல சிடி வேல்யூ

சிடி வேல்யூன்னா வைரஸைக் கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு மிஷின் எத்தனை சுத்து பெருக்க வேண்டியிருந்துச்சுங்குற எண்ணிக்கை. நம்பர் கம்மின்னா வைரஸ் ஜாஸ்தி. சுமாரா 3.3 சுத்து வித்தியாசம்னா பத்து மடங்கு வித்தியாசம். இந்தியாவுல 35 வரைக்கும் பாசிட்டிவ்னு ஐசிஎம்ஆர் கோடு போட்டுச்சு. சிடி ஸ்கேன் வேற, இது வேற, ரெண்டும் சிடின்னு இருக்கவே ஃபோன்ல குழம்புனவங்க எத்தனையோ பேரு.

ஊசி போட்டா சிடி வேல்யூ கண்டிப்பா ஏறிடும், வைரஸ் கம்மியாத்தான் இருக்கும்னு ஒரு நம்பிக்கை இருந்துச்சு. 2021 ஜூலைல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம் பார்ன்ஸ்டபிள் பக்கம் திருவிழா மாதிரி கூட்டம் கூடுனப்போ அது ஒடைஞ்சுது. அங்க கணக்கெடுத்த 469 பேருக்குப் பரவுனதுல 74 சதவீதம் பேரு முழுசா ஊசி போட்டவங்க, அவங்களோட சிடி வேல்யூவோட நடு அளவு 22.77, ஊசி போடாத, முழுசா போடாத, இல்ல போட்டாங்களான்னு தெரியாதவங்களுக்கு 21.54, பெருசா வித்தியாசமே இல்ல. டெல்டா வைரஸ் நேரம் அது. அதுக்கப்புறம் சிங்கப்பூர்லயும் இங்கிலாந்துலயும் நாள் நாளா சாம்பிள் எடுத்துப் பாத்தப்போ என்ன தெரிஞ்சுதுன்னா, உச்சம் ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான், ஆனா ஊசி போட்டவங்களுக்கு அது சீக்கிரம் இறங்கிருது.

ஆக உங்க சிடி வேல்யூ 18னு வந்தா ஊசி தோத்துருச்சுன்னு அர்த்தம் இல்ல. ஊசியோட பெரிய வேலை நுரையீரலைக் காப்பாத்துறது, மூக்கை இல்ல. சீக்கிரம் இறங்குறதால வேற ஒரு விளைவும் உண்டு, ரேபிட் கிட் பாசிட்டிவ் காட்டுற நாள் சுருங்கும், அஞ்சாறு நாள் தாமதிச்சு கிட் போட்டீங்கன்னா வந்து போனதே தெரியாமப் போயிரும். பிசிஆர் அப்படி இல்ல, குணமாகி வாரக்கணக்கா, சில பேருக்கு மூணு மாசம் வரைக்கும் கூட செத்த ஆர்என்ஏ துண்டுகளைப் பிடிச்சுக் காட்டும், ஊசி போட்டவங்களுக்கும் இது நடக்கும். குணமாயிட்டமான்னு பாக்க பிசிஆர் எடுத்து எடுத்து மனசைக் கெடுத்துக்காதீங்க.

ஆறாவது படி: ரத்த ரிப்போர்ட், 'எஸ்'ஸா 'என்'னா?

இப்ப அந்த அண்ணன் கதைக்கு வருவோம். ரிப்போர்ட்ல மேல டெஸ்ட் பேரு இருக்கும், அதுல ஸ்பைக், 'எஸ்', ஆர்பிடி (ஸ்பைக்கோட நுனிப் பகுதி) இதுல ஏதாவது இருக்கான்னு பாருங்க. இருந்தா அது ஸ்பைக் ஆன்டிபாடி. எந்த ஊசி போட்டுருந்தாலும் பாசிட்டிவ் வரும், கொரோனா வந்துருந்தாலும் பாசிட்டிவ் வரும், எதனால வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. நியூக்ளியோகேப்சிட், இல்ல 'என்'னுன்னு இருந்தா அது வேற. கோவிஷீல்ட், ஃபைசர் மாதிரி ஸ்பைக் ஊசி மட்டும் போட்டவருக்கு இது பாசிட்டிவ்னா அவருக்கு எப்பவோ கொரோனா வந்துருக்கு, தெரியாமலே கூட. கோவாக்சின், சைனோபார்ம், சைனோவாக் போட்டவருக்கு இது பாசிட்டிவ்னா ஊசியாலயும் இருக்கலாம் நோயாலயும் இருக்கலாம், பிரிச்சுச் சொல்ல முடியாது.

ரிப்போர்ட்ல ஒண்ணுமே போடாம வெறும் 'ஐஜிஜி'ன்னு (ஆன்டிபாடில ஒரு வகை) மட்டும் இருந்தா லேப்புக்கு ஃபோன் போட்டு எந்த கிட்டுன்னு கேளுங்க, கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. புனே என்ஐவி-ல (தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம்) உருவான கோவிட் கவச் எலைசா கிட் முழு வைரஸையும் வச்சு பாக்குறது, அதுல 'எஸ்', 'என்' பிரிவே கிடையாது. ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ கொண்டு வந்த டிப்கோவான் கிட் ரெண்டுக்கும் சேத்துப் பாக்கும். ஐஜிஎம் (ஆரம்பத்துலயே வர்ற ஆன்டிபாடி வகை) பாசிட்டிவ்னு வந்தா புது நோய்னு பதறாதீங்க, ஊசிக்கு அப்புறமும் அது வரும்.

'என்' டெஸ்ட் நெகட்டிவ்னா நோயே வரலைன்னு அடிச்சுச் சொல்லலாமா? முன்னாடி நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன், தப்பு. மாடர்னா ஊசியோட பெரிய பரிசோதனையில பிசிஆர்ல கொரோனான்னு உறுதியானவங்களை மட்டும் எடுத்து பின்னாடி 'என்' ஆன்டிபாடி இருக்கான்னு பாத்தாங்க. ஊசி போடாத குரூப்ல 93 சதவீதம் பேருக்கு இருந்துச்சு. ஊசி போட்ட குரூப்ல 40 சதவீதம் பேருக்குத்தான் இருந்துச்சு. நோய் நிச்சயமா வந்தவங்க, ஆனா பாதிக்கு மேல ரத்தத்துல தடயமே இல்ல. ஊசி இருக்குறதால வைரஸ் பெருக நேரம் கம்மி, உடம்பு 'என்'னைப் பாத்து ஆன்டிபாடி செய்யுற அளவுக்கு விஷயம் போறதே இல்ல. அதனால ஊசி போட்டவருக்கு 'என்' பாசிட்டிவ்னா அதுக்கு அர்த்தம் உண்டு, 'என்' நெகட்டிவ்னா அதை வச்சு ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க.

இதே விஷயம் நாடு பூரா எடுத்த சர்வேயிலயும் வரும். 2021 ஜூன், ஜூலைல ஐசிஎம்ஆர் எடுத்த நாலாவது சீரோ சர்வேல (ரத்தத்துல ஆன்டிபாடி இருக்கான்னு பாக்குற கணக்கெடுப்பு) 67.6 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடின்னு வந்துச்சு. அப்ப ஊசி போட ஆரம்பிச்சு அஞ்சு மாசத்துக்கு மேல ஆயிருச்சு, அந்த 67.6ல நோயால வந்தவங்களும் ஊசியால வந்தவங்களும் சேந்தேதான் இருக்காங்க. டீக்கடையில அதை "மூணுல ரெண்டு பேருக்கு கொரோனா வந்து போயிருச்சு"ன்னு பேசிக்கிட்டாங்க.

ஏழாவது படி: நம்பரை ஒப்பிடாதீங்க

ரோஷ் மிஷின்ல ஸ்பைக் ஆன்டிபாடி 0.8 வந்தாலே பாசிட்டிவ். அபாட்டோட ஸ்பைக் டெஸ்ட்ல 50 தொடணும். ஆக 45ங்குற நம்பர் ஒரு இடத்துல நல்ல பாசிட்டிவ், இன்னொரு இடத்துல நெகட்டிவ். ரோஷ்ல சாம்பிளை நீர்க்காம ஓட்டுனா 250 வரைக்கும்தான் அளக்கும், அதனாலதான் அந்த அண்ணனுக்கு மட்டும் இல்ல, ஊர்ல பாதிப் பேருக்கு '250க்கு மேல'ன்னே வந்துச்சு. மச்சானுக்கு 1200, எனக்கு 250தானான்னு வருத்தப்பட்டவரு இருந்தாரு, ரெண்டு பேரோட ரத்தமும் ஒரே மாதிரி இருந்துருக்கலாம், ஒருத்தரோடதை நீர்த்து அளந்துருப்பாங்க அவ்வளவுதான்.

இத்தனைக்கு மேல இருந்தா பாதுகாப்புன்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட எல்லைக்கோடே கிடையாது. 2021 மே மாசமே எஃப்டிஏ ஊசி வேலை செஞ்சுதான்னு பாக்க ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்காதீங்கன்னு சொல்லிருச்சு. மாசம் போகப் போக நம்பர் இறங்கும், வைரஸை ஞாபகம் வச்சுக்குற நினைவு செல்லும், வைரஸ் புகுந்த செல்லைத் தாக்குற டி செல்லும் இந்த டெஸ்ட்ல தெரியாது. கிட்னி மாத்துனவங்க, எதிர்ப்பு சக்தியக் குறைக்குற மாத்திரை சாப்பிடுறவங்க விஷயத்துல டாக்டரே கேட்டு எடுக்கச் சொன்னா எடுங்க. சும்மா ஆசைக்கு எடுக்குறது காசுக்குக் கேடு, லேப்ல இருந்துக்கிட்டே சொல்றேன்.

எட்டாவது படி: கொரோனா டெஸ்ட் இல்லாத மத்த டெஸ்ட்டுகள்

ஊசியால நெஜமாவே குழம்புன டெஸ்ட்டுகள் சிலது இருக்கு, ஆனா அதெல்லாம் கொரோனா டெஸ்ட் இல்ல. ஊசி போட்ட கைப்பக்க அக்குள்ல நெறி கட்டுறது சகஜம், அது மேமோகிராம்லயும் பெட் ஸ்கேன்லயும் தெரிஞ்சு புத்துநோய் பயத்தைக் கெளப்பி விட்டுரும். 2021ல அமெரிக்காவுல ஊசி போட்டு நாலு வாரத்துல இருந்து ஆறு வாரம் கழிச்சு மேமோகிராம் எடுங்கன்னாங்க, பின்னாடி அதுக்காகத் தள்ளிப் போட வேண்டாம்னு மாத்திக்கிட்டாங்க. எந்தக் கையில எந்தத் தேதியில போட்டீங்கன்னு ஸ்கேன் எடுக்குறவங்ககிட்ட சொன்னாப் போதும். பால்வினை நோயான சிபிலிஸுக்கு பாக்குற ஆர்பிஆர் டெஸ்ட் ஒரு குறிப்பிட்ட கம்பெனி கிட்ல ஊசி போட்டவங்களுக்குத் தப்பா பாசிட்டிவ் காட்டுதுன்னு 2021 டிசம்பர்ல எஃப்டிஏ எச்சரிக்கை விட்டுச்சு, வேற டெஸ்ட் வச்சு உறுதி பண்ணாம குடும்பத்துல குண்டு போட்டுறாதீங்க.

எனக்குப் பிடிச்ச உதாரணம் ஆஸ்திரேலியாவுது. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சிஎஸ்எல் கம்பெனியும் ஒரு ஊசி செஞ்சாங்க, ஸ்பைக் புரோட்டீன் ஒடையாம நிக்கிறதுக்கு கிளிப் மாதிரி எச்ஐவி-யோட ஒரு புரோட்டீன்ல இருந்து சின்னத் துண்டை எடுத்து சேத்தாங்க. எச்ஐவி வர்றதுக்கு வாய்ப்பே இல்ல, ஆனா போட்டவங்க உடம்பு அந்தத் துண்டுக்கும் ஆன்டிபாடி செஞ்சுருச்சு, எச்ஐவி டெஸ்ட் எடுத்தா பாசிட்டிவ் மாதிரி காட்டுது. அரசாங்கம் 5 கோடியே 10 லட்சம் டோஸ் வாங்குறதா இருந்துச்சு, 2020 டிசம்பர்ல மொத்தத்தையும் கைவிட்டுட்டாங்க. ஊசி கெட்டதுன்னு இல்ல, நாட்டுல எச்ஐவி டெஸ்ட்டையே நம்ப முடியாமப் போயிருமேன்னுதான். ஆன்டிபாடி டெஸ்ட்டை ஊசி எப்படிக் குழப்பும்னு இதை விடத் தெளிவா யாரும் காட்ட முடியாது.

ஒன்பதாவது படி: சாம்பிள் குடுக்கும்போது

ஊசி பேரு, கடைசி டோஸ் தேதி, அறிகுறி ஆரம்பிச்ச நாள், இந்த மூணையும் ஃபார்ம்ல எழுதச் சொல்லுங்க, கேக்கலைன்னாலும் நீங்களே சொல்லுங்க. கோவின் சர்டிஃபிகேட் ஃபோன்ல இருக்கும், அதைக் காட்டுனாலே போதும். அந்த அண்ணன்கிட்ட நான் செஞ்சது அவ்வளவுதான், சர்டிஃபிகேட்டையும் ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு டெஸ்ட் பேருக்குக் கீழ பேனாவால கோடு போட்டுக் காமிச்சேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "அப்ப அவளுக்கு கொரோனா வரல, எனக்குத்தான் வந்துருச்சோ?"ன்னு கேட்டாரு. அதுக்கு உங்களுக்கும் அந்த 'என்' டெஸ்ட் எடுக்கணும்ணே, எடுத்தாலும் முழுசா தெரியாதுன்னேன். வேண்டாம்பா, இதுவே போதும்னு ரிப்போர்ட்டை திரும்பவும் சுருட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு.